பெயர்ப்பலகை அளவில் ஒரு கெரியர்

பதுளை வணிகர் அறப்பணி மன்றத்துக்கு ஒரு குறையும் கிடையாது. தலைவர் இருந்தார், பொன்னாடைகள் இருந்தன, சொந்தமாக ஒலிபெருக்கிகூட இருந்தது. செய்வதற்கு ஓர் அறப்பணிதான் நெடுநாளாக அகப்படாமல் இருந்தது. அதுவும் ஒருநாள் தானாகவே வாசலில் வந்து நின்றது. கொழும்புக்குக் குடிபோன பழைய உறுப்பினர் ஒருவர், விற்கப் போனால் விலை போகாத தன்னுடைய வெள்ளை ஸ்டேஷன் வேகனை மன்றத்துக்கு அனுப்பிவைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கண்மூடுகிற தேயிலைத் தோட்டத்து ஏழைகளை அவரவர் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த வண்டி உதவட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கொடுத்தவர் அத்தோடு நிம்மதியாகிவிட்டார். வாங்கியவர்களுக்குத்தான் வேலை வந்தது.

மன்றத்தின் தலைவர் சிதம்பரநாதன், கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இழவு வீடென்றால் பிணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதர்கள் உண்டல்லவா, அந்த ரகம். மன்றத்துக்கு நேரெதிரே துணிக்கடை வைத்திருக்கும் பிரவீனனோ அதற்கு நேர்மாறு. அப்பா காலமான பிறகு கல்லாப்பெட்டியோடு சேர்த்து மன்றத்து நாற்காலியும் அவனுக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவான், வடை சாப்பிடுவான், எல்லோரும் கைதட்டும்போது தட்டுவான். அதற்கு மேல் அவனால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை.

வேகன் வந்த பிறகு கூடிய முதல் கூட்டத்தில் அவனுக்கு என்ன கெட்ட நேரமோ, வாயைத் திறந்துவிட்டான். "பின் சீட்டை மடிச்சுவிட்டா பெட்டி தாராளமா உள்ள போகுங்க ஐயா. நான் போய்ப் பாத்தேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

"மடிச்சா நாங்க எங்க தம்பி உக்கார்றது?"

பிரவீனனுக்கு அது தோன்றியிருக்கவில்லை. வண்டி செத்தவர்களுக்கு என்றுதான் அவன் நினைத்திருந்தான். தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். எதிரே இருந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான் என்றாலும் ஒலிபெருக்கி இல்லாமல் அவருக்குச் சிந்தனை ஓடாது.

"அன்பர்களே! ஓர் ஏழையின் இறுதி யாத்திரையில் அவனை அநாதையாக அனுப்பலாமா? உயிரோடு இருந்த காலத்தில் நாம் யாருமே அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. செத்த பிறகாவது நாலு பெரிய மனிதர்கள் கூடப் போக வேண்டாமா? ஆகவே நிர்வாகிகள் உள்ளே, பெட்டி மேலே. மேலே என்பது உயர்ந்த இடம் என்பதைத் தோட்டத்து மக்கள் உணர்ந்துகொள்வார்கள். இதற்கு வேண்டியதெல்லாம் வண்டியின் தலைமேல் ஒரு கெரியர். எந்தக் கெரியர் என்பதைத் தெரிவு செய்ய ஓர் உபகுழுவை நியமிக்கிறேன்."

கைதட்டல் ஓய்வதற்குள் உபகுழு அமைந்துவிட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் வாயைத் திறந்த குற்றத்துக்காகப் பிரவீனன்.

கெரியர் என்பது நாலு இரும்புக் குழாயை வளைத்து வண்டிக் கூரையில் மாட்டுகிற சமாசாரம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் பத்து வேனில் பார்க்கலாம். ஆனால் இலவசமாகக் கண்ணில் படுகிற எதையும் உபகுழு பார்க்காது. 'பிற இடங்களில் கெரியர் எவ்வாறு பயன்படுகிறது' என்பதைக் கண்டறிய அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலாப் பயணிகள் குவியும் எல்லவுக்குப் போனது. அருவியைப் பார்த்தது, ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுத்தது, நல்ல ஹோட்டலில் சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. எதிரே வெள்ளைக்காரர்களின் வேன் ஒன்று நின்றிருந்தது. அதன் கெரியரில் கடலலையில் சறுக்கும் பலகைகள் கட்டப்பட்டிருந்தன.

தலைவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா? வெள்ளைக்காரன் முட்டாள் இல்ல. கெரியர்னா அதுல பலகை இருக்கணும்."

"அது அவங்க வெளையாட்டுப் பலகைங்க ஐயா" என்றான் பிரவீனன்.

"அவன் பலகையைப் படுக்க வெச்சிருக்கான். நம்ம நிக்க வெப்போம். எழுத்துத் தெரியணும் இல்ல?"

அன்றைக்கு எல்லவில் விழுந்த விதை பதுளைக்கு வந்து சேருமுன் மரமாகிவிட்டது. கடையில் ஆயத்தமாகக் கிடைத்த கெரியர்களை உபகுழு வரிசையாக நிராகரித்தது. ஒன்று தட்டையாக இருக்கிறது, அதில் பலகை நிற்காது. இன்னொன்று கறுப்பு, அமங்கலம். பிணம் ஏற்றுகிற வண்டிக்கு மங்கலம் எதற்கு என்று பிரவீனன் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். வெளியே கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு உபகுழுவில் போட்டுவிடுவார்கள். கடைசியில், கெரியரைச் சொந்தமாகச் செய்வித்துக்கொள்வது என்று முடிவாகியது.

அதில்தான் வில்லங்கம் வந்தது. ஹாலிஎல வீதியில் பட்டறை வைத்திருக்கும் வெல்டிங்காரர் முன்ஸிப், "நீளம் எவ்வளவுன்னு சொல்லுங்க, முடிச்சிரலாம்" என்று போனில் சாதாரணமாகக் கேட்டுவிட்டார்.

"ஒரு ஆள் நீளம்னு சொல்லுங்க" என்றார் செயலாளர்.

"எந்த ஆள்?" என்றார் பொருளாளர்.

உபகுழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. உயிரோடு இருக்கிறவனை நிறுத்திவைத்துப் பிரேதத்துக்கு அளவெடுத்தால் ஆயுசு குறையும் என்பது கடைத்தெருவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அங்கே இருந்த நாலு பேரில் மூன்று பேருக்குத் துணி வியாபாரம். விடிந்தால் பொழுது போனால் அளப்பதுதான் தொழில். அளவு நாடாவும் மேசைமேலேயே கிடந்தது. ஆனால் அதைத் தொட ஒரு கை நீளவில்லை.

"எனக்கு இப்ப ஏழரைச் சனி நடக்குது" என்றார் தலைவர். இழவு வீட்டில் பிணமாக இருக்க ஆசைப்படுகிறவருக்கு அளவு கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. செயலாளர் மகளுக்குக் கல்யாணம் பேசியிருப்பதைச் சொன்னார். பொருளாளர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு மூவரும் சேர்ந்தாற்போலப் பிரவீனன் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி வயசுப் புள்ள. ஒரு நிமிசம் இந்த பெஞ்சுல படுத்து எந்திரிச்சா முடிஞ்சிச்சு."

அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. மனைவி துஷ்யந்தி. செய்தி அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்பது பதுளைக் கடைத்தெருவின் அதிசயங்களில் ஒன்று. "படுத்தீங்கன்னா அப்பிடியே அங்கயே கெடங்க. புள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். பிரவீனனுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. உண்மையில் அவனுக்கும் பயம்தான்.

"சவப்பெட்டி விக்கிற மலர்ச்சாலையில போய் ஒரு பெட்டியை அளந்துட்டு வந்தா என்னங்க?" என்று கேட்டுப் பார்த்தான்.

"வீட்டுல சாவு இல்லாம மலர்ச்சாலை வாசல யாராச்சும் மிதிப்பாங்களா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

அறை முழுக்க யோசித்தது. சுவரோரம் தலைவர் ஏற்கெனவே எழுதுவித்துக் கொண்டுவந்திருந்த பெயர்ப்பலகைகள் சாத்தியிருந்தன. பக்கவாட்டுக்கு இரண்டு, மும்மொழியிலும் மன்றத்தின் பெயர். முன்னுக்கும் பின்னுக்கும் சிறியதாக இரண்டு, தலைவரின் பெயர். தலைவர் எழுந்து போய்ப் பெரிய பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இத அளங்க. பலகைக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல."

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பலகை அளக்கப்பட்டது. முன்ஸிப் அந்த அளவுக்கு அட்சரம் பிசகாமல் கெரியர் செய்தார். நாலு பக்கமும் பலகையை நிறுத்தி, கழலாமல் இருக்கக் குழாயோடு குழாயாக ஒட்டிக் கொடுத்தார். வேலை முடிந்து பார்க்கையில் வண்டியின் தலையில் ஓர் ஆட்டுப்பட்டி ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. "லொத்தர் டிக்கட் விக்கிற வண்டிதானே, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் மாட்டணும்?" என்று முன்ஸிப் கேட்டதைத் தலைவர் ரசிக்கவில்லை.

இனி வண்டி ஓட வேண்டியதுதானே என்றால், அதுதான் இல்லை. திறப்பு விழா நடக்காமல் மன்றத்து வண்டி எப்படி ஓடும்? விழாவுக்குப் பெரிய இடத்துப் பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்தது. அவர் இந்த வாரம் என்றார், அடுத்த வாரம் என்றார். அதுவரை வேகன் தார்ப்பாய் மூடி மன்றத்து வாசலில், பிரவீனனின் கடைக்கு எதிரே நின்றது. தோட்டங்களில் ஆட்கள் வழக்கம்போல் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டு வந்தவர்களிடம், கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

பிரவீனனின் கடையில் பாக்கியலெட்சுமி என்று ஒரு பெண் வேலை செய்தாள். நமுனுகுல மலைப்பக்கத் தோட்டத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிறவள். சேலை மடிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். அவளுடைய கணவன் அழகர் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நல்ல உயரம். தோட்டத்தில் அவனுக்கு நெட்டை அழகர் என்றுதான் பெயர். தீபாவளிச் சமயத்தில் கடைக்கு ஒத்தாசைக்கு வருவான். மேல்தட்டில் இருக்கும் துணிக்கட்டுகளை ஸ்டூல் போடாமல் எட்டி எடுப்பான். சேலை பார்க்க வந்த பெண்கள் சேலையை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்ப்பார்கள். கடையில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

அந்த அழகர் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். பிரவீனன் ஒரு மாலை ஹார்லிக்ஸ் போத்தலோடு பார்க்கப் போனான். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்க, அழகர் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"படுங்க படுங்க. சொகமாகி வீட்டுக்குப் போறப்ப சொல்லுங்க அழகர். மன்றத்து வேகன்லயே கொண்டுபோய் விடுறேன்."

"அந்த வண்டியில போக எனக்கு இன்னும் தகுதி வரலீங்களே மொதலாளி" என்று அழகர் சிரித்தான்.

பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். பிரவீனனும் சிரித்தான். சிரித்த வாயோடு, "எப்ப வேணும்னாலும் அது உங்களுக்குத்தான். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தான். மனுசனுக்கு நாக்கில் எலும்பு கிடையாது. அதனால் சுலபமாகப் புரண்டுவிடுகிறது.

அந்த வாரத்திலேயே அழகருக்குத் தகுதி வந்துவிட்டது.

கடை திறக்கும் நேரத்தில் பாக்கியலெட்சுமி வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள். அழுது முடித்த முகம். "அவரு போயிட்டாருங்க மொதலாளி. விடியக்காலம்." பிறகு எதிரே தார்ப்பாய் மூடி நின்ற வேகனைப் பார்த்தாள். "நீங்க அந்த வண்டிய..."

"நான்தானே சொன்னேன். நீ கவலப்படாத. நான் பாத்துக்கிறேன்" என்றான் பிரவீனன். கோடித் துணியை அவனே கட்டிலிருந்து இழுத்துப் பிரித்தான். "கொஞ்சம் கூடவே வெட்டுங்க மொதலாளி, அவரு ஒசரம்" என்றாள் அவள். அவன் கூடவே வெட்டினான். கத்தரிக்கோல் கையில் இருந்தபோதாவது அவனுக்கு எதிரே நின்ற கெரியர் ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை.

தலைவரிடம் போய்ச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னைக்கேவா? அடடா! பெரியவர் வராட்டிப் போறார் தம்பி. சும்மா வண்டியத் தொறந்து வெக்கிறதவிட ஒரு பிரேதத்தோட தொறந்து வெச்சா எவ்வளவு எடுப்பா இருக்கும்! பொன்னாடைய எடுக்கச் சொல்லுங்க."

பதினொரு மணிக்கு மலர்ச்சாலை வாசலில் வேகன் வந்து நின்றது. ரிப்பன் கட்டியிருந்தது. பாக்கியலெட்சுமியின் அண்ணன் தோட்டத்திலிருந்து போனுக்கு மேல் போன் எடுத்துக்கொண்டிருந்தான். குழி வெட்டியாகிவிட்டது, நமுனுகுல உச்சியில் கறுத்துக்கொண்டு வருகிறது, மழை இறங்கினால் லயத்துப் பாதையில் ஒரு வண்டியும் ஏறாது, சீக்கிரம் வாருங்கள் என்று. அவள் பிரவீனனைப் பார்த்தாள். பிரவீனன் தலைவரைப் பார்த்தான். தலைவர் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"விளம்பரம் என்பதே இந்த மன்றத்துக்குப் பிடிக்காத சொல்! நாம் செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நாம் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் பார்க்காவிட்டால், செய்தது நாம்தான் என்று மக்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அதற்காகத்தான் இந்தப் பலகைகள். காலஞ்சென்ற அழகப்பன் அவர்கள்..."

"அழகருங்க" என்றான் பிரவீனன்.

"...அழகர் அவர்கள் பெரும் பாக்கியசாலி. எத்தனையோ பேர் இறந்தார்கள். ஆனால் இந்தக் கெரியரின் முதல் பயணி என்ற பெருமை அவருக்குத்தான் வாய்த்தது!"

ரிப்பன் வெட்டப்பட்டது. சொந்தக்காரர்கள் நாலு பேர் பெட்டியைத் தூக்கிக் கெரியருக்கு மேலே கொண்டுபோனார்கள். இறக்கினார்கள். இறங்கவில்லை. தலைப்பக்கம் உள்ளே போனால் கால்பக்கம் பின்பலகையில் ஏறிக்கொண்டது. கால்பக்கத்தை அமுக்கினால் தலைப்பக்கம் தலைவரின் பெயருக்கு மேலே எழும்பி நின்றது. குறுக்கே வைத்துப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். பெட்டிக்குள்ளே ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. பாக்கியலெட்சுமி, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கையை நீட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"முன்பலகைய மட்டும் கழட்டினா...?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது தலைவர் பேரு" என்றார் செயலாளர் பதறிப்போய். அதோடு முன்ஸிப்பின் வேலை சுத்தம். கழற்ற வராது.

பொருளாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெட்டியத் தொறந்து, காலக் கொஞ்சம் மடக்கி, சின்னப் பெட்டியா மாத்தினா..." என்றார். தாழ்த்திய குரல் அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் கீழே இறக்கியிருந்த பெட்டியின் கால்மாட்டில் போய், இரண்டு கையையும் மூடிமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

பின் சீட்டை மடிக்கலாம். பிரவீனனுக்கு அது தெரியும். அந்த ஊரில் அதைப் போய்ப் பார்த்த ஒரே மனிதன் அவன்தான், முதல் கூட்டத்திலேயே சொன்னவன். இப்போது அந்த மூன்று வார்த்தையை இன்னொரு முறை சொன்னால் போதும். வேகனுக்குள் எட்டிப் பார்த்தான். நிர்வாகிகள் மாலையோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பொன்னாடைப் பெட்டியும் ஒலிபெருக்கியும் இருந்தன. தலைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "உபகுழுவுல இருந்தவர் நீங்கதானே தம்பி, ஒரு வழி சொல்லுங்க" என்றார். பிரவீனன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

வழியைத் தலைவரே கண்டுபிடித்தார். வெலிமடையிலிருந்து முட்டைக்கோவா ஏற்றிவந்து சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த லொறி ஒன்றை மறித்தார்கள். அழகர் அதில் ஏறினான். பாக்கியலெட்சுமியும் சொந்தக்காரர்களும், வாடிய கோவா இலைகளைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மன்றத்து வேகன் முன்னால் வழிகாட்டிப் போகும், அதுவும் மரியாதைதான் என்று தலைவர் அறிவித்தார். "தம்பி, உள்ள வாங்க" என்றார். பிரவீனன் லொறியைப் பார்த்தான். அதில் ஏறியிருக்கலாம், இடம் இருந்தது. அவன் வேகனில் ஏறி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

மலைப்பாதையின் வளைவுகளில் லொறி பின்தங்கிவிட்டது. வேகன் மட்டும் முதலில் போய் லயத்துக்கு முன்னால் நின்றது. காலையிலிருந்து காத்துக்கிடந்த சனம். வெள்ளை வண்டியைக் கண்டதும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து அதைச் சூழ்ந்துகொண்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். தப்பு முழங்கியது. "ராசா, இப்பிடி வந்திட்டியே" என்று ஒரு கிழவி கதவில் முட்டிக்கொண்டு அழுதாள். கதவு திறந்தது. கழுத்தில் மாலையோடு தலைவர் இறங்கினார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. தப்படிக்கிறவன் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தன்னை வரவேற்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

"பெட்டி எங்கங்க?" என்றான் பாக்கியலெட்சுமியின் அண்ணன்.

"வந்துகொண்டிருக்கிறது" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். "அதற்கிடையில் ஒரு சில வார்த்தைகள். மன்றத்தின் வாகனம் தன்னுடைய முதல் பயணத்தை வெற்றிகரமாக முடித்திருக்கிறது..."

பிரவீனன் வேகனுக்குள்ளேயே இருந்தான். கண்ணாடிக்கு வெளியே எத்தனையோ முகங்கள். கடையில் அவனிடம் பாவாடைத் துணி எடுத்த முகங்கள்கூட இருந்தன. இந்த வண்டி அப்படியே பள்ளத்தில் உருண்டால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. வெட்கக்கேடு என்றால் அதற்கு ஒரு வாசனை உண்டு போலிருக்கிறது. அன்றைக்கு அது ரோசாப்பூ மாலையின் வாசனையாக இருந்தது.

லொறி வந்து சேரவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. லயத்துப் பாதையில் அது ஏறவில்லை. பெட்டியைத் தோளில் வைத்து, சேற்றில் வழுக்கி வழுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். குழியில் தண்ணீர் கட்டிவிட்டது. வாளியால் இறைத்துவிட்டு இறக்கினார்கள். நிர்வாகிகள் வேகனில் இருந்தபடியே ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்து லயத்தில் போட்ட பிளேன்டீயை எடுத்துக்கொண்டு பாக்கியலெட்சுமியே பிரவீனனிடம் வந்தாள். சேலை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி" என்றாள் அவள். "அவரு கொஞ்சம் நெட்டையாப் போயிட்டாரு. உங்க எல்லாருக்கும் வீண் செரமம்."



திரும்பி வரும் வழியில் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் சொன்னதைத் தலைவரிடம் அப்படியே சொன்னான். கேட்டால் மனுசனுக்குக் கொஞ்சமாவது உறைக்கும் என்று நம்பினான். தலைவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பிடியா சொல்லிச்சு? செயலாளர், இத மறந்துறாதீங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாக வந்தது. கெரியரில் எந்தக் குறையும் இல்லை. காலஞ்சென்றவரின் உயரமே அசௌகரியத்துக்குக் காரணம். அதைக் குடும்பத்தாரே முன்வந்து ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பதால், மன்றம் அவர்களைப் பெருந்தன்மையோடு மன்னிக்கிறது. இனிமேல் மன்றத்தின் சேவையை நாடுவோர் அளவான உயரத்தில் இருத்தல் வேண்டும்.

"தம்பி, அந்தப் பொம்பள அப்பிடித்தானே சொல்லிச்சு?" என்று தலைவர் கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

பன்னிரண்டு தலைகள் திரும்பின. அவள் சொன்னது என்னவோ அதுதான். சொன்னதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமாங்க" என்றான் பிரவீனன். எல்லோரும் கைதட்டினார்கள். வடை வந்தது. அன்றைக்கு அவனுக்கு வடை இறங்கவில்லை.

கருமாதி முடிந்து பாக்கியலெட்சுமி வேலைக்கு வந்தாள். ஒரு வாடிக்கைக்காரி மேல்தட்டுத் துணியைக் காட்டி அதை எடுக்கச் சொன்னாள். பாக்கியலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூலைக்குப் போய் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். தரையில் அது உராய்கிற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. கல்லாவில் இருந்த பிரவீனன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையோடு முன்ஸிப்புக்குப் போன் எடுத்தான். முன்ஸிப் வந்ததும், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.

சந்தை நாள். தெரு நிறைய ஆட்கள். பிரவீனன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேகனின் மேல் ஏறினான். கெரியருக்குள் இறங்கி மல்லாந்து படுத்தான். முழுதாகப் படுக்க வரவில்லை. தலை முன்பலகையில் முட்டியது, முழங்கால் மடங்கி நின்றது. அவன் ஒன்றும் உயரமான ஆள் இல்லை. காலைத் தூக்கிப் பின்பலகைக்கு வெளியே போட்டுக்கொண்டான்.

"முன்ஸிப், புடிங்க. அளந்துக்கிட்டு முன்னயும் பின்னயும் இருக்கிற பலகைய வெட்டி எறிஞ்சிருங்க."

கடைத்தெருவே கூடிவிட்டது. தலைவர் நகைக்கடையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி! அபசகுனம்! மன்றத்துச் சொத்து! எறங்குங்க!" என்று கீழே நின்று கத்தினார். கூட்டம் சேர்ந்திருப்பதைக் கவனித்ததும் குரல் மாறியது. "பொதுமக்களே, இதுவும் மன்றத்தின் ஏற்பாடுதான்" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாக்கியலெட்சுமி வந்தாள்.

"அய்யோ, எறங்குங்க மொதலாளி! ஆகாதுங்க! சின்னப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நீங்க எதுக்கு இதுல படுக்கிறீங்க?" மெய்யாகவே அவனுடைய உயிருக்குத்தான் அவள் பயந்தாள்.

அது அவனை இன்னும் கீழே அமுக்கியது. எழுந்து அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. வானத்தைப் பார்த்தபடியே, "இன்னும் நீட்டமா எடுங்க முன்ஸிப். என்னையவிட அழகர் ஒசரம்" என்றான்.

"எம்புட்டு ஒசரம்?" என்றார் முன்ஸிப் நாடாவைப் பிடித்தபடி.

பிரவீனனுக்கு அது தெரியாது. பாக்கியலெட்சுமி வண்டியின் பின்பக்கம் போனாள். நுனிக்காலில் எக்கி, பிரவீனனின் பாதத்துக்கு அப்பால், ஒன்றுமில்லாத வெளியில் உள்ளங்கையை நிறுத்திக் காட்டினாள்.

"இதுவரைக்கும் வருவாருங்க" என்றாள்.

முன்ஸிப் அந்தக் கைவரைக்கும் நாடாவை இழுத்தார். அளந்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. பிரவீனன் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தான்.